செயலிக்கும் ஒரு வாயிற்காவலர்

எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேட்டுப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. சென்னைத் துறைமுகத்தின் 'ஜீரோ கேட்' வாசலை நோக்கி டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஓட்டுநர் கீழே இறங்கித் தேநீர் குடிப்பார். மீண்டும் ஏறி நான்கு அடி நகர்த்துவார். ஏன் இந்தக் காத்திருப்பு? வாசலில் ஒவ்வொரு வண்டியின் தாளும் பார்க்கப்படுகிறது. பெட்டியின் எண் சரியா? பூட்டின்மேல் போட்ட முத்திரை உடையாமல் இருக்கிறதா? பட்டியலில் பெயர் இல்லாத வண்டி உள்ளே போக முடியாது. உள்ளிருந்து வெளியே வரும் வண்டிக்கும் இதே சோதனை உண்டு.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள்ளும் இத்தகைய வாசல் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதா? அந்த வாசலில் நிற்கும் காவலரின் பெயர் 'உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை'. பெயர் நீளமானது, வேலையோ எளிமையானது. எந்த நிரல் இயங்கலாம், எங்கிருந்து வரலாம், செய்தி எங்கே போகலாம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைத் தடுப்பதே அவருடைய பணி. அவர் எவ்வாறு வேலை செய்கிறார், அவரிடம் பட்டியலை எழுதிக் கொடுப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

கலப்புச் செயலி என்பது யாது?

கைப்பேசிச் செயலிகள் இரு வகையில் உருவாகின்றன. ஆண்ட்ராய்டுக்கென்றும் ஐஃபோனுக்கென்றும் தனித்தனியே அவற்றின் சொந்த மொழியில் எழுதுவது ஒரு வகை. இணையப் பக்கம் எழுதும் மொழிகளிலேயே ஒரு முறை எழுதி, அதை ஓர் உறைக்குள் வைத்து இரண்டு கைப்பேசிகளிலும் ஓட விடுவது மற்றொரு வகை. பின்னதையே கலப்புச் செயலி என்கிறோம்.

இந்த உறைக்குள் இருப்பது 'வெப்வியூ' எனப்படும் ஒரு குட்டி இணைய உலவி. முகவரிப் பட்டை கிடையாது. பின்செல்லும் பொத்தான் கிடையாது. ஆகையால் பயன்படுத்துபவருக்கு அது உலவி என்றே தெரியாது. அதனுள் ஓடும் பக்கத்துக்கு உயிர் கொடுப்பவை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட கட்டளைகள். இவற்றைச் சுருக்கமாக 'ஸ்கிரிப்ட்' என்பர்.

2008-ஆம் ஆண்டில் நிட்டோபி என்ற கனடா நிறுவனத்தார் 'ஃபோன்கேப்' என்ற பெயரில் இம்முறைக்கு வழி திறந்தனர். 2011-இல் அடோபி நிறுவனம் நிட்டோபியை வாங்கியது. மூல நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டு, 'கார்டோவா' என்ற பெயர் பெற்றது. வான்கூவர் நகரில் நிட்டோபி அலுவலகம் இருந்த தெருவின் பெயர் அது! அயானிக், கெப்பாசிட்டர் முதலியவை பின்னர் இதே வழியில் வந்தவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண உலவியில் ஓடும் ஸ்கிரிப்ட் உங்கள் தொலைபேசிப் புத்தகத்தைத் தொட முடியாது. கலப்புச் செயலியிலோ, இணையப் பக்கத்துக்கும் கைப்பேசியின் உறுப்புகளுக்கும் இடையே ஒரு பாலம் போடப்படுகிறது. கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி, தொடர்பு எண்கள் ஆகியவற்றை அந்தப் பாலத்தின் வழியே ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கலாம். செயலிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி எல்லாம் உள்ளே ஓடும் ஸ்கிரிப்டுக்கும் கிடைத்துவிடுகிறது. நல்ல ஸ்கிரிப்டாக இருந்தால் நன்மை. கெட்ட ஸ்கிரிப்ட் ஒன்று நுழைந்துவிட்டால்?

படகின் பெயரில் ஒரு கட்டளை

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். திருவொற்றியூரில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் காசிமேட்டு மீனவர்களுக்காக ஒரு கலப்புச் செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை, எந்தப் படகு என்ன கொண்டுவந்தது என்பதைக் காட்டும் விலைப் பலகை அது. கடலில் வலை விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் வசதியும் அதில் உண்டு.

படகுக்காரர் தம் படகின் பெயரையும் மீனின் எடையையும் தட்டச்சு செய்கிறார். அது எல்லாருடைய திரையிலும் தோன்றுகிறது. ஒரு நாள் யாரோ ஒரு விஷமி, பெயர் எழுதும் இடத்தில் பெயருக்குப் பதிலாக இணைய மொழியில் ஒரு வரியை எழுதுகிறான். "இங்கே ஒரு படத்தைக் காட்டு, படம் கிடைக்காவிட்டால் இந்தக் கட்டளையைச் செய்" என்பது அதன் பொருள். படம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே கட்டளை நடந்துவிடும். நம் மாணவர், வந்த எழுத்தை வெறும் எழுத்தாகக் காட்டாமல், பக்கத்தின் பகுதியாகவே ஒட்டிவிட்டார், தவறு அவ்வளவுதான்.

இனிப் பலகையைத் திறப்பவர் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அந்தக் கட்டளை ஓடும். பாலத்தின் வழியே அது இருப்பிடத்தைக் கேட்கலாம். குறித்துவைத்த வலை விட்ட இடங்களை எல்லாம் படித்து வெளியே அனுப்பலாம். எந்தத் திசையில், எத்தனை பாகத்தில் மீன் கிடைக்கிறது என்பது மீனவர் ஒருவரின் பல்லாண்டு அனுபவத்தின் சேமிப்பு. அதை ஒரு நொடியில் பறிகொடுப்பது வலையைப் பறிகொடுப்பதைவிடப் பெரிய இழப்பு அல்லவா?

இது வெறும் கற்பனை அன்று. 2005 அக்டோபரில், 19 வயதான சாமி காம்கார் என்ற அமெரிக்க இளைஞர், மைஸ்பேஸ் என்ற சமூகத் தளத்தில் தம் சொந்தப் பக்கத்தில் இத்தகைய கட்டளை ஒன்றை ஒளித்துவைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர் எல்லாம் அவரை நண்பராக ஏற்றதாகப் பதிவாயிற்று; அவர்களுடைய பக்கத்திலும் அதே கட்டளை ஒட்டிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் 10 இலட்சம் பேருக்கு மேல் தொற்றியது. தளத்தையே சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று.

கலப்புச் செயலிகளில் வாசல்கள் இன்னும் மிகுதி. அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதை ஆராய்ந்தனர். வைஃபை வலையின் பெயர், பார்கோடு, குறுஞ்செய்தி, பாட்டுக் கோப்பின் தலைப்பு ஆகிய எதன் வழியாகவும் கட்டளை உள்ளே நுழையக்கூடும் என்று அவர்கள் செய்து காட்டினர். அவர்கள் சோதித்த 15,510 ஃபோன்கேப் செயலிகளில் 478 செயலிகளில் இத்தகைய ஓட்டை இருப்பதாக அவர்களுடைய கருவி கண்டறிந்தது. வைஃபை பெயருக்கு 32 பைட்டு மட்டுமே இடம் உண்டு. அந்தச் சிறிய இடமும் ஆபத்துக்குப் போதுமானதாக இருந்தது!

காவலர் கையில் உள்ள பட்டியல்

கட்டளை எழுத்து உள்ளே நுழைவதை முழுவதும் தடுக்க முடியாவிட்டாலும், அது இயங்குவதைத் தடுக்கலாம் அல்லவா? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை. மொசில்லா நிறுவனத்தார் அதை உருவாக்கி, 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் சேர்த்தனர். பின்னர் உலகளாவிய வலைச் சங்கம் அதைத் தரப்படுத்தியது. இரண்டாம் நிலை 2016 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்தது.

கொள்கை என்பது சில சொற்கள் கொண்ட ஒரே ஒரு வரி. கணிப்பொறியில் அதை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். அதன் முக்கிய பகுதிகள் இவை:

'ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி' – எங்கிருந்து வரும் ஸ்கிரிப்ட் இயங்கலாம்?
'கனெக்ட்-எஸ்ஆர்சி' – ஸ்கிரிப்ட் எந்த முகவரியுடன் பேசலாம்?
'இமேஜ்-எஸ்ஆர்சி' – படம் எங்கிருந்து வரலாம்? (இதில் 'இமேஜ்' என்பதற்கு மூன்றெழுத்துச் சுருக்கமே எழுதப்படும்.)
'ஸ்டைல்-எஸ்ஆர்சி' – அழகுபடுத்தும் விதிகள் எங்கிருந்து வரலாம்?
'டிஃபால்ட்-எஸ்ஆர்சி' – தனியே விதி கூறப்படாத வகைகளுக்குப் பொதுவான விதி என்ன?

ஒவ்வொன்றுக்கும் எதிரே அனுமதிக்கும் இடத்தை எழுதுகிறோம். 'செல்ஃப்' என்றால் செயலியின் சொந்த வீடு. 'நன்' என்றால் யாருமே இல்லை. ஸ்கிரிப்டுக்கு 'செல்ஃப்' என்று மட்டும் எழுதிவிட்டால், செயலியோடு சேர்ந்து வந்த கோப்புகளில் உள்ள ஸ்கிரிப்ட் மட்டுமே இயங்கும். பக்கத்தின் நடுவில் எழுத்தோடு எழுத்தாகக் கலந்து வரும் கட்டளை இயங்காது. நம் விலைப் பலகையில் படகின் பெயராக வந்த வரி திரையில் உடைந்த படமாகத் தோன்றும். அதனுள் இருந்த கட்டளையோ வாசலிலேயே நின்றுவிடும்.

இதில் கலப்புச் செயலிக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. இணையத் தளங்கள் விளம்பரம், கணக்கெடுப்பு என்று பல இடங்களிலிருந்து ஸ்கிரிப்டை வரவழைக்கின்றன, பட்டியல் நீண்டுவிடுகிறது. செயலிக்கோ வேண்டிய எல்லாவற்றையும் பொட்டலத்துக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். ஆகவே 'செல்ஃப்' என்ற ஒரே சொல்லோடு ஸ்கிரிப்ட் பட்டியல் முடிந்துவிடும்.

வெளியே போகும் வாசல்

உள்ளே வருவதை மட்டும் பார்த்தால் போதுமா? 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்கு விடை சொல்லும்.

அந்நிறுவனத்தின் தளத்தில் பலரும் பயன்படுத்தும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. திருடர்கள் அதன் இறுதியில் 22 வரிகளைச் சேர்த்துவிட்டனர். பயணச் சீட்டுக்குப் பணம் கட்டுவோர் பொத்தானை அழுத்தியதும், அட்டை விவரங்கள் நிறுவனத்துக்குப் போவதோடு, நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றும் ஒரு போலி முகவரிக்கும் போயின. கைப்பேசிச் செயலியும் இணையத் தளத்தின் பக்கத்தையே தன் உள்ளே திறந்து காட்டியதால் அதைப் பயன்படுத்தியவர்களும் தப்பவில்லை. விரலால் தொடுவதைக் கவனிக்கும் கட்டளையும் அந்த 22 வரிகளில் இருந்தது! ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை இது நீடித்தது. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இங்கே கெட்ட வரிகள் இருந்தது நிறுவனத்தின் சொந்தக் கோப்பில். ஆகவே 'செல்ஃப்' என்ற விதி அதைத் தடுத்திராது. வீட்டுப் பிள்ளை என்று காவலர் விட்டிருப்பார். ஆனால் 'கனெக்ட்-எஸ்ஆர்சி' வாசலில், நம் முகவரிகளுக்கு மட்டுமே பேசலாம் என்று எழுதியிருந்தால், போலி முகவரிக்கு அனுப்பும் முயற்சி அங்கே தடைபட்டிருக்கும். துறைமுகத்தில் வெளியே வரும் வண்டியையும் சோதிப்பது இதற்காகத்தான்.

படத்துக்கான வாசலையும் அலட்சியம் செய்யக்கூடாது. எங்கிருந்தும் படம் வரலாம் என்று விட்டால், திருடிய விவரத்தைப் பட முகவரியின் வாலில் ஒட்டி, "இந்தப் படத்தைக் கொண்டு வா" என்று கேட்பது போல அனுப்பிவிடலாம். படம் வருகிறதோ இல்லையோ, செய்தி போய்விடும்.

முத்திரை எண்ணும் ஒரு நாள் சீட்டும்

சில வேளை பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கும். அதை அனுமதிக்க இரு வழிகள் உள்ளன.

ஒன்று 'நான்ஸ்'. பக்கம் அனுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் சேவையகம் யாரும் ஊகிக்க முடியாத புதிய எண் ஒன்றைக் கொடுக்கும். அது எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் மட்டுமே இயங்கும். துறைமுகத்துக்குள் வேலைக்கு வருபவருக்குத் தரும் ஒரு நாள் அனுமதிச் சீட்டு போன்றது இது. மற்றொன்று 'ஹாஷ்'. ஸ்கிரிப்டின் எழுத்துகளைக் கணக்கிட்டு வரும் கைரேகை போன்ற எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பெட்டியின் பூட்டில் போட்ட முத்திரை எண் போன்றது.

கலப்புச் செயலிக்கு இரண்டில் எது ஏற்றது? செயலியின் பக்கம் பொட்டலத்தில் அடைத்தபடியே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு எழுதித் தர அங்கே சேவையகம் இல்லை. மாறாத சீட்டை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆகவே முத்திரை எண்ணாகிய ஹாஷே பொருத்தமானது. கூடுமானவரை ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டால் இரண்டுமே வேண்டுவதில்லை.

'எல்லாரையும் விடு' என்னும் குறுக்கு வழி

புதிதாகச் செயலி எழுதுவோர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பொத்தானுக்கு உள்ளேயே 'அழுத்தினால் இதைச் செய்' என்று எழுதுவார்கள். கொள்கை இருப்பதால் பொத்தான் ஊமையாக இருக்கும். காரணம் புரியாமல் தேடுவார்கள். யாரோ ஒருவர் "'அன்சேஃப்-இன்லைன்' என்று சேர்த்துவிடு, சரியாகிவிடும்" என்பார். சரியாகவும் ஆகிவிடும்! ஆனால் அந்தச் சொல்லின் முன்பாதியே 'பாதுகாப்பற்ற' என்று எச்சரிக்கிறது. அதைச் சேர்த்த அந்த நொடியே படகின் பெயரில் வந்த கட்டளைக்கும் கதவு திறந்துவிடுகிறது. எழுத்தை நிரலாக மாற்றி இயக்க இடந்தரும் 'அன்சேஃப்-ஈவால்' என்பதும் இத்தகையதே. எங்கிருந்தும் வரலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியும் அப்படியே.

2016-இல் கூகிள் ஆய்வாளர்கள் இணையத்தில் உள்ள கொள்கைகளைத் திரட்டிப் பார்த்தனர். ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் நூற்றுக்கு 94-க்கும் மேற்பட்டவை பயனற்றவை என்று தெரிந்தது. காவலரை நிறுத்தி, கதவை விரியத் திறந்து வைத்த கதை!

பொத்தான் வேலை செய்ய நேர்வழி எளியதே. பக்கத்தில் பொத்தானை மட்டும் வைத்து, அழுத்தும்போது நடக்க வேண்டியதைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து இணைத்துவிடுங்கள்.

பட்டியலை எழுதுவோம்

நம் விலைப் பலகைக்கு இனிப் பட்டியல் எழுதலாம்.

1. டிஃபால்ட்-எஸ்ஆர்சி – நன். முதலில் எல்லாக் கதவையும் மூடுங்கள்.
2. ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி – செல்ஃப்.
3. ஸ்டைல்-எஸ்ஆர்சி – செல்ஃப். உங்கள் கட்டுமானக் கருவி இங்கே சிறிது தளர்த்தும்படி கேட்கலாம். ஸ்கிரிப்டைத் தளர்த்துவதைவிட இதில் ஆபத்து குறைவு.
4. இமேஜ்-எஸ்ஆர்சி – செல்ஃப்.
5. கனெக்ட்-எஸ்ஆர்சி – விலை தரும் சேவையகத்தின் முழு முகவரி மட்டும்.
6. பேஸ்-யூஆர்ஐ – நன். ஃபார்ம்-ஆக்ஷன் – நன். இவ்விரண்டுக்கும் பொதுவிதி பொருந்தாது. தனியே எழுதினால்தான் உண்டு.

இணையத் தளத்துக்குச் சேவையகம் இந்த வரியைப் பக்கத்துக்கு முன்னாலேயே தலைப்பாக அனுப்பும். செயலியில் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியில் 'மெட்டா' குறிச்சொல்லாக எழுதுகிறோம். அதை முதல் ஸ்கிரிப்டுக்கு மேலே எழுத வேண்டும். அதற்கு முன் வந்தவற்றை அது கட்டுப்படுத்தாது. 'தடுக்காமல் குறித்துமட்டும் வை' என்ற சோதனை முறையும் மெட்டாவில் செல்லாது. ஆகவே கைப்பேசியைக் கணிப்பொறியுடன் கம்பியால் இணைத்து, உலவியின் ஆய்வுச் சாளரத்தில் எந்தக் கதவில் எது நிறுத்தப்பட்டது என்று பாருங்கள். செயலியின் ஒவ்வொரு திரையையும் திறந்து சோதியுங்கள். தேவையானதை மட்டும், ஒன்றொன்றாகச் சேருங்கள்.

காவலரால் முடியாதவை

இவர் வெப்வியூவின் உள்ளே நடப்பதை மட்டுமே காப்பவர். செயலியின் சொந்த மொழிப் பகுதி நேரே இணையத்துடன் பேசினால் இவருக்குத் தெரியாது. சாளரத்தையே வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டாலும் இவர் தடுக்கமாட்டார். அதற்கெனக் கார்டோவாவில் 'எங்கே செல்லலாம்' என்ற தனிப் பட்டியல் உண்டு; அதையும் இறுக்கமாக எழுத வேண்டும். மறுபக்கம், கார்டோவாவின் வலையணுகல் பட்டியல் ஆண்ட்ராய்டில் வெப்சாக்கெட் இணைப்புகளைத் தடுக்காது. அங்கே நம் காவலரே துணை.

இந்தியாவிலேயே ஒரு பாடம் உண்டு. 2020 ஏப்ரலில் வெளியான ஆரோக்கிய சேது செயலியின் தொடக்கப் பதிப்பில், வெப்வியூ திரையைக் கொண்டு செயலியின் உட்கோப்புகளையே திறக்க முடிந்தது என்று ரொபேர் பாப்டிஸ்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். பின்னர் அந்த வழி அடைக்கப்பட்டது. அது நம் கொள்கையின் குறையன்று. வெப்வியூ எதைத் திறக்கலாம் என்று வரையறுக்காத குறை. இரண்டும் உடன்பிறந்தவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த எழுத்தை எழுத்தாகவே காட்டுவதுதான் முதல் அரண். காவலர் இரண்டாவது அரண். முதல் அரணில் என்றாவது ஓர் ஓட்டை விழும் என்பதாலேயே இரண்டாவது வேண்டியிருக்கிறது.

வடசென்னைக் கரையில் வாழ்வோருக்கு இது ஏதோ பொறியாளர் கவலை என்று ஒதுக்கத்தக்கதன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டை விட்டு ஓடினர். அத்தகைய இரவில் எந்தப் பக்கம் போவது என்பதைக் கைப்பேசியில் தோன்றும் ஒரு வரி தீர்மானிக்கக்கூடும். அந்த வரியை யாரும் மாற்றி எழுத முடியாது என்ற நம்பிக்கை வேண்டாமா? புயல் எச்சரிக்கைக்கும் இதுவே பொருந்தும்.

உங்களில் பலர் நாளை செயலி எழுதப் போகிறவர்கள். பொத்தான் ஒன்று ஊமையாகி, நேரமும் ஆகிவிட்ட இரவில், நட்சத்திரக் குறியைப் போட்டுவிடலாமா என்று கை துடிக்கும். அப்போது ஜீரோ கேட் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக எந்தக் காவலரும் எல்லா வண்டிகளையும் சோதனையின்றி உள்ளே விட்டுவிடுவதில்லை.